குழாய் இல்லாத ஓபரா கண்ணாடி

அறையில் இருந்தவர்கள் இவர்கள்.

மேனேஜர். சீனர். ஏர்கோனுக்கு நேர் கீழே கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சேஃப்டி ஆபீசர் குணா. தமிழர், டிப்ளோமா படித்தவர், வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அவர் முன்னால் விசாரணை ஃபாரம் இருந்தது. ஃபோர்மேன் ரஹீம். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. சூரஜ். நேப்பாளத்திலிருந்து வந்தவன், கொள்கலன்களைப் பழுது பார்ப்பவன். இடது கையில் மாவுக்கட்டு. நான். காலிக் கொள்கலன்களைத் தூக்கி அடுக்கும் ஸ்டேக்கர் வண்டி ஓட்டுகிறவன். அக்கா. பெட்டிகளின் எண்களைக் குறித்துச் சரிபார்க்கும் டாலி கிளார்க்.

மேசை நடுவில் அக்காவின் ஓபரா கண்ணாடி இருந்தது. நாடகம் பார்க்கப் போகிற வெள்ளைக்காரப் பெண்கள் அந்தக் காலத்தில் கையில் வைத்திருந்த சின்னத் தூரக்கண்ணாடி. மூடினால் சிகரெட் பெட்டி போல இருக்கும். மேனேஜர் நகத்தால் இரண்டு முறை நெம்பிப் பார்த்தார். திறக்கவில்லை. தள்ளி வைத்துவிட்டார்.

விஷயம் இதுதான். நான்கு நாளைக்கு முன் நான் ஒரு காலிப் பெட்டியைத் தூக்கினேன். உள்ளே சூரஜ் இருந்தான்.

எங்கள் யார்டு போர்ட் கிள்ளானில். கப்பலில் போய்த் திரும்பிய காலிப் பெட்டிகள் அங்கே வரும். ஓட்டை, துரு இருந்தால் சூரஜ் மாதிரி ஆட்கள் உள்ளே போய்ச் சரி செய்வார்கள். உள்ளே போகிறவன் கதவில் ஒரு சிவப்பு அட்டையை மாட்ட வேண்டும். டாலி கிளார்க் கதவுக்குள் பார்த்து, ரேடியோவில் 'கிளியர்' சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் நான் தூக்கலாம். அன்று அக்கா கிளியர் சொன்னார். நான் தூக்கினேன். பிறகு பார்த்தால் சிவப்பு அட்டை தரையில் கிடந்தது. சூரஜ் மாட்டாமலே விட்டானா, பெட்டி ஆடியபோது விழுந்ததா, யாருக்கும் தெரியாது. மாட்டினேன் என்று சூரஜ் சொன்னான். அவன் சொல்வதை எழுதிக்கொண்டார்களே தவிர யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாட்டவில்லை என்றால் தப்பு சூரஜுடையது. பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். மாட்டியிருந்தான் என்றால் தப்பு அக்காவுடையது. அக்காவுக்கு ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. தப்பு என்று எழுதி அனுப்பினால் அந்த வயதில் வேறு எந்த யார்டும் எடுக்காது.

கதவுப் பக்கம் பார்த்திருக்க வேண்டியவர்கள் இரண்டே பேர். அக்காவும் நானும்.

அக்காவின் பெயரை நான் எழுதவில்லை. யார்டில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததும் இல்லை. ரஹீம்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். குள்ளமான உடம்பு. ஆண்கள் போடும் சேஃப்டி பூட்ஸ். அதற்குள் இரண்டு ஜோடி சாக்ஸ், பூட்ஸ் பெரிது என்பதால்.

அவருக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு. சுமார். அந்தச் சொல்லை யாராவது சொன்னால் பல்வலி வந்தவர் மாதிரி முகத்தைச் சுளிப்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ரேடியோவில் கேட்டார்.

"தம்பி, அந்தக் கடைசி வரிசையில எத்தன பொட்டி இருக்கு?"

"ஒரு இருபது இருக்கும்கா."

"ஒரு இருபதா? அப்ப இன்னொரு இருபது எங்க இருக்கு?"

ரேடியோவில் எல்லோரும் கேட்டுச் சிரித்தார்கள். நான் வண்டியை நிறுத்தி, இறங்கி, எண்ணிவிட்டு வந்தேன். பத்தொன்பது.

"பாத்தியா. ஒரு பொட்டிய நீயே செஞ்சு வெச்சிட்ட."

அவர் பிரிக்பீல்ட்ஸில் இருந்து வருவார். கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறி, கடைசி ஸ்டேஷன் வரை. அங்கிருந்து யார்டுக்கு என் மோட்டார் சைக்கிளில். ரயில் லேட்டா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்ல மாட்டார். "பதினோரு நிமிஷம்" என்பார். வழியில் உள்ள பம்புகளை, வேகத்தடைகளை, என் முதுகுக்குப் பின்னால் எண்ணிக்கொண்டு வருவார். ஒருநாள், "ஏழுதான் இருக்கு. நேத்து வரைக்கும் எட்டு. ஒண்ண ஒடச்சிட்டானுங்க" என்றார். நான் தினமும் ஏறி இறங்குகிற சாலை. எனக்குத் தெரியவில்லை.

அவர் வீட்டுக்காரர் இறந்து எத்தனை வருடம் ஆகிறது என்று ஒருமுறை கேட்டேன். நாள் கணக்கில் சொன்னார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

முதல் ஓபரா கண்ணாடி ஒரு பெட்டிக்குள் கிடந்தது. திரும்பி வரும் பெட்டிகளில் ஏதாவது கிடக்கும். ஒற்றைச் செருப்பு, அரிசி, பொம்மைக் கை. கூட்டிக் குப்பையில் போடுவது வழக்கம். அந்தப் பெட்டி எங்கிருந்தோ யாருடைய வீட்டுச் சாமான்களையோ கொண்டுவந்து இறக்கிவிட்டு வந்தது. மூலையில் கிழிந்த அட்டைப்பெட்டி ஒன்றில் அது இருந்தது. பித்தளை. இரண்டு குழாய்கள். மேலே சிப்பி பதித்திருந்தது. நடுவில் திருகுவதற்கு ஒரு சின்னச் சக்கரம்.

அக்கா அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார். சிப்பி பளபளத்தது. ரஹீம் தூரத்திலிருந்து கத்தினார்.

"அக்கா! பெரிய வீட்டு டத்தின் ஆயாச்சா? இன்னிக்கு எந்தத் தியேட்டர்?"

"உன் பல்ல எண்ணத்தான் எடுத்தேன். இருபத்தாறுதான் இருக்கு. மிச்சம் எங்க?"

யார்டில் எல்லோரும் அதைத் தெரோபோங் என்றார்கள். தூரக்கண்ணாடிக்கு மலாயில் அதுதான் சொல். அக்கா விடமாட்டார். "தெரோபோங் இல்ல. ஓபரா கிளாஸ்" என்பார். அது என்ன, எங்கே செய்தது, ஏன் செய்தது என்று ஃபோனில் தேடிக் கேட்டார். ரயிலில் வரும் நேரம் முழுக்கக் காதில் அதுதான் ஓடும். மோட்டார் சைக்கிளில் ஏறியதும் எனக்குச் சொல்வார். நான் ஹெல்மட்டுக்குள் பாதியைத்தான் கேட்டிருப்பேன்.

முதலில் ஒற்றைக் குழாய்தானாம். நாடகத்துக்குப் போகிற பணக்காரர்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்களாம். வியன்னாவில் ஒருவன் இரண்டு குழாய்களைச் சேர்த்து வைத்தான். ஆண்டு சொன்னார். எனக்கு மறந்துவிட்டது. முன்னால் நடு பருத்த வில்லை, பின்னால் நடு குழிந்த வில்லை. அதனால் உருவம் தலைகீழாகத் தெரியாது, குழாயும் நீளம் வேண்டாம். ஆனால் மூன்று மடங்குக்கு மேல் பெரிதாக்காது. பார்க்கும் வட்டமும் சின்னது. நாடக மேடைக்கு அது போதும். பிறகு நடுவில் சக்கரம் வைத்தார்கள். முதலில் ஒவ்வொரு குழாயையும் தனித்தனியாக இழுக்க வேண்டியிருந்ததாம். பிறகு கை வலிக்கிறது என்று பக்கத்தில் ஒரு காம்பு வைத்தார்கள். சிப்பி, தந்தம், எனாமல் எல்லாம் மேலே ஒட்டியது, பார்க்கிறதுக்கு அல்ல, பார்க்கிறவள் அழகாகத் தெரிவதற்கு.

"பேரு போட்டிருக்கும் பாரு, அது செஞ்சவன் பேரு இல்ல தம்பி. வித்த கடை பேரு. செஞ்சவன் பேரு எதுலயும் இருக்காது."

"நம்ம மாதிரி."

"நீ என்ன செஞ்ச, பேரு போடறதுக்கு?"

இன்னொரு வகை பற்றிச் சொன்னபோது அவர் சிரித்தது இன்றும் முதுகில் கேட்கிறது. குழாயின் பக்கவாட்டில் ஒரு ஓட்டை. உள்ளே சாய்வாகக் கண்ணாடி. நேராக மேடையைப் பார்ப்பது போல நிற்கலாம். ஆனால் உண்மையில் பக்கத்தில் யார் யாருடன் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம். அதற்கு அவர்கள் வைத்த பெயரே பொறாமைக் கண்ணாடியாம்.

"அந்தக் காலத்துலயே, தம்பி. பட்டுப் பாவாடை கட்டிக்கிட்டு எட்டிப் பாக்கிற வேல."

எங்கள் வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கொள்கலனிலும் நான்கு எழுத்து, ஏழு எண். கடைசி எண் மற்றவற்றை வைத்துக் கணக்குப் போட்டு வருவது. ஒன்று தப்பாக எழுதினால் கடைசி எண் ஒத்துவராது. கணினிதான் அந்தக் கணக்கைப் போடும். அக்கா மனதில் போடுவார். எழுத்து அழிந்து ஓர் எண் தெரியாமல் போனால், மற்றவற்றை வைத்து அது ஆறா எட்டா என்று சொல்லிவிடுவார். நான் கிட்டப் போய்ப் பார்ப்பேன். சரியாக இருக்கும். ஆபீசில் இதைப் பெரிய திறமை என்றார்கள். திறமைதான். ஆனால் எழுத்து அழியாத பெட்டிகளுக்கும் அவர் கணக்குப் போட ஆரம்பித்திருந்தார். அதை நான் மெதுவாகத்தான் கவனித்தேன்.

ஒருநாள் ஓபரா கண்ணாடியின் திருகாணி விழுந்துவிட்டது. மூன்று நாள் அது இல்லை. அந்த மூன்று நாளும் ரேடியோவில் கூப்பிட்டார்.

"தம்பி, நீ நம்பர வாசி. நான் சரி பாக்கிறேன்."

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். இங்கிலீஷ் எழுத்து எனக்கு மெதுவாக வரும். அவர் காத்திருந்தார். நான் வாசித்தேன். மூன்றாம் நாள் அவர் நின்றது பெட்டியிலிருந்து நான்கு அடியில். எழுத்து என் கை உயரம். அப்போதும் என்னைத்தான் வாசிக்கச் சொன்னார்.

மதியம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி கேட்டேன்.

"எவ்வளவு தெரியுதுக்கா?"

பொய் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"நடுவுல ஒரு கறை. சுத்தி நல்லாத்தான் இருக்கு. இப்ப உன் காது தெரியுது. மூஞ்சி இல்ல."

இனிப்புநீர் வியாதி கண்ணுக்கு இறங்கியிருந்தது. மூக்குக்கண்ணாடி மாற்றிப் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஓபரா கண்ணாடி வைத்தால் எழுத்து அந்தக் கறையைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அதனால் வாசிக்க முடிகிறது. அவ்வளவுதான் ரகசியம்.

"ஆபீஸ்ல சொல்லலயா?"

"சொன்னா வீட்டுல இருன்னுவான். வீட்டுல எண்றதுக்கு என்ன இருக்கு?"

நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. என் லைசென்ஸ் ஃபாரம், பிள்ளைகளின் பள்ளிக்கூட ஃபாரம், ஆஸ்பத்திரி ஃபாரம் எல்லாம் பல வருடமாக அக்காதான் நிரப்பிக் கொடுத்தார். கண் போன பிறகு, அவர் எழுத்தெழுத்தாகச் சொல்ல, நான் எழுதினேன். எனக்கு இங்கிலீஷ் எழுத வராது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவருக்குத் தெரியவில்லை என்று நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அது அப்போதும் எனக்குத் தெரியும்.

பிறகு குணா வந்தார். நல்ல பிள்ளைதான். முதல் மாதமே ஒரு சட்டம் போட்டார். யார்டில் கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது. இயந்திரத்தில் மாட்டும் என்றார். நியாயம்தான். ஆனால் அக்கா அதுவரை ஓபரா கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார்.

"ஆன்டி, அது என்னாது? விளையாட்டுச் சாமானா?"

"ஆமா. பேரனுக்கு."

அவருக்குப் பேரன் இல்லை. கழற்றிப் பையில் போட்டார். சேஃப்டி சட்டையின் பாக்கெட்டில் அது நிற்கவில்லை. பாதி வெளியே தெரிந்தது. இடையில் காம்பு வைத்த ஒன்றை எங்கேயோ வாங்கினார். காம்பை மடித்தாலும் பாக்கெட் புடைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெட்டாலிங் ஜெயாவுக்குக் கூட்டிப் போனார். ஒரு பழைய பேரங்காடியின் கீழ்த்தளத்தில் பழைய சாமான் சந்தை. கேமரா, கடிகாரம், ஊறுகாய் ஜாடி, கூலிம் பக்கத்து எஸ்டேட்டின் பெயர் போட்ட மணி. விளக்கு மங்கல். அதனால்தான் என்னைக் கூட்டிப் போனார். ஒரு சீன அங்கிள் துணி விரித்து ஐந்தாறு ஓபரா கண்ணாடிகளை வைத்திருந்தார்.

"வாசி தம்பி, என்ன போட்டிருக்கு?"

"பி... ஏ... ஆர்... ஐ... எஸ்."

"எல்லாத்துலயும் அதான் போட்டிருக்கும். விடு."

அங்கிள் நிமிர்ந்தார். "பாரிஸ் லா, ஆன்டி. வெரி ஓல்ட். அபௌட் ஹண்ட்ரட் இயர்."

"அபௌட்னா எத்தன?"

"அய்யோ ஆன்டி, நான் அப்ப பொறக்கல லா."

அக்கா ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தடவினார். கடைசியாக ஒன்றில் விரல் நின்றது. தட்டையான உலோகப் பெட்டி. ஓரத்தில் ஒரு பொத்தான். அழுத்தினார். நான்கு வில்லைகளும் டக்கென்று எழுந்து நின்றன. நடுவில் ஒன்றுமில்லை. குழாயே இல்லை. சின்னச் சட்டங்களில் வில்லைகள் மட்டும். மறுபடி அமுக்கினால் படுத்துக்கொண்டது. உள்ளங்கையில் அடங்கியது.

நான் வாங்கிப் பார்த்தேன். கீழ்த்தளத்தில் நன்றாகத்தான் தெரிந்தது. அங்கிள் தலையை ஆட்டினார். மலாயில் சொன்னார். "ஆன்டி, இது வேணாம். குழாய் இல்ல. வெளியில வெளிச்சத்துல தெரியாது. அந்தப் பெரிசு எடுங்க. கண்ணு கெட்டவங்களுக்கு அதான் நல்லது."

யாருக்குக் கண் கெட்டது என்று அக்கா சண்டைக்குப் போவார் என்று பார்த்தேன். போகவில்லை.

"பெரிசு பாக்கெட்டுல நிக்காது அங்கிள்."

சிப்பி வைத்ததையும் காம்பு வைத்ததையும் கொடுத்துவிட்டு அந்த ஒன்றை எடுத்துக்கொண்டார். இரண்டுக்கு ஒன்று. அங்கிளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

திரும்பும்போது ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் அதைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார்.

"குழாய் எதுக்கு இருந்துச்சு தெரியுமா? பக்கத்து வெளிச்சம் உள்ள வராம இருக்க. அதுதான் முக்கியம். அதையே எடுத்துட்டான்."

"ஏன்கா எடுத்தான்?"

"பையில கொள்ளணும். பொம்பளைங்க கைப்பை சின்னதாயிருச்சு. தூக்கிட்டுப் போறது வெளிய தெரியக்கூடாது. விசிறி நடுவுல வில்ல வெச்சிருக்கான் தம்பி, கைத்தடிப் பிடியில வெச்சிருக்கான். எல்லாம் ஒளிச்சு வெக்கத்தான். ஒவ்வொரு தடவையும் சின்னதாக்கும்போது பாக்கிறதுல கொஞ்சம் போச்சு. யாரும் கேக்கல. வெளிய தெரியலல்ல, அது போதும்."

ரயில் நின்றது. பெட்டாலிங் ஸ்டேஷன்.

"நீங்களும் அதத்தான் வாங்கியிருக்கீங்க" என்றேன்.

"தெரியும்" என்றார். மூடிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு யாரும் கவனிக்கவில்லை. அக்கா பாக்கெட்டிலிருந்து எதையோ எடுப்பார், கண்ணில் வைப்பார், உள்ளே போட்டுக்கொள்வார். ஃபோன் பார்க்கிறார் என்று நினைத்திருப்பார்கள். மேகம் போட்ட நாளில் சிரமமில்லை. வெயிலில் இடது கையை மேலே குடை மாதிரி பிடித்துக்கொள்வார். எண்களுக்கு அவரிடம் கணக்கு இருந்தது. ஒரு எண் தெரியாவிட்டால் மற்றவற்றை வைத்துக் கண்டுபிடிக்கலாம். பெட்டிக்குள் ஆள் இருக்கிறானா என்பதற்குக் கணக்கு கிடையாது. பக்கத்தில் போய்ப் பார்க்கலாமே என்று கேட்கலாம். பெட்டிகள் வரிசையாக, நாளுக்கு நூறுக்கு மேல். பக்கத்தில் போனாலும் உள்ளே இருட்டு, நடுவில் கறை. அவர் இருந்த இடத்தில் இருந்தே பார்த்தார். நான் அவர் குரலை வைத்து ஓட்டினேன். அந்தக் குரல் ஒருநாளும் இழுத்ததில்லை.

சூரஜ் உள்ளே இருந்த அன்று மழை விட்டு வெயில் அடித்தது. தரை, பெட்டி, லோரி எல்லாம் ஈரம். எல்லாப் பக்கத்திலிருந்தும் பளிச்சென்று கண்ணில் குத்தியது. நான் வண்டியின் மேலிருந்து அக்காவைப் பார்த்தேன். கண்ணாடியை எடுத்து வைத்தார். இடது கையால் மறைத்தார். இறக்கினார். மறுபடி வைத்தார். ரேடியோவில் பேச வேண்டுமென்றால் மறைத்த கையைத்தான் எடுக்க வேண்டும். எடுத்தார்.

"கிளியர்."

தூக்குவதற்கு முன் நான் இரண்டு முறை ஹார்ன் அடிக்க வேண்டும். அது என் வேலை. நான்கு லோரி காத்திருந்தது. அடிக்கவில்லை.

பெட்டி ஆள் உயரத்துக்கு மேலே போனதும் உள்ளே தடதடவென்று தட்டும் சத்தம். கதவு ஆடுகிறது என்று நினைத்தேன். ரேடியோவில் ரஹீம், "துருன்! துருன்!" என்று கத்தினார். இறக்கு என்கிறார். பயத்தில் வேகமாக இறக்கினேன். பெட்டி தரையில் மோதியது. சூரஜின் கை உடைந்தது தூக்கியபோது அல்ல. நான் இறக்கியபோது.

அக்கா பெட்டிக்கு ஓடினார். திசை கொஞ்சம் தப்பிப் பக்கத்துப் பெட்டிக்குப் போய்விட்டார். அதன் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்து, "எங்க? எங்க அவன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினேன். மற்றவர்கள் பதற்றம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

விசாரணை அன்று காலை ஸ்டேஷனில் அவரை ஏற்றிக்கொண்டேன். வழியில் நான்தான் பேச்சை எடுத்தேன்.

"சிவப்பு அட்டை இல்லன்னு சொல்லிருங்கக்கா. நானும் அதத்தான் சொல்லப் போறேன். முடிஞ்சிரும்."

பின்னால் அவர் பம்புகளை எண்ணிக்கொண்டு வந்தார்.

"பதினாலு மாசம்தான் இருக்கு. அவன் சின்னப் பிள்ள. ஊருக்குப் போனா வேற வேல கெடைக்கும். நமக்குத்தான் கெடைக்காது."

"அவனுக்கு எத்தன வயசு?"

"இருபத்தஞ்சு இருக்கும்."

"இருக்குமா?" என்றார். அதோடு சரி.

அறையில் குணா முதலில் என்னைக் கேட்டார்.

"அண்ணே, அந்த அட்டையப் பாத்தீங்களா?"

"பாக்கல."

"இல்லயா? இல்ல, நீங்க பாக்கலயா?"

"பாக்கல" என்றேன். மறுபடியும் அதே சொல். அது பொய் இல்லை. குணா ஃபாரத்தில் எழுதினார். மேனேஜர் எட்டிப் பார்த்துத் தலையசைத்தார். ஹார்ன் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சூரஜுக்குத் தமிழ் தெரியாது. பேசுகிறவர்களின் வாயை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குணா ஃபாரத்தை அக்கா பக்கம் திருப்பினார். குரல் இளகியிருந்தது.

"ஆன்டி, நீங்களும் பாத்தீங்க, அட்டை இல்ல. அப்படித்தானே? ஆமான்னா இங்க ஒரு சைன். முடிஞ்சுது லா. டீ குடிக்கப் போலாம்."

பேனாவை நீட்டினார். அக்கா அதை வாங்கவில்லை. மேசையைத் தடவி ஓபரா கண்ணாடியை எடுத்துப் பொத்தானை அழுத்தினார். டக்கென்று எழுந்து நின்றது. மேனேஜர் நாற்காலியில் கொஞ்சம் பின்னால் போனார்.

"இத கண்ணுல வெச்சு, ஜன்னல் வழியா அந்தக் கிரேன் நம்பரச் சொல்லுங்க சார்."

குணாவைச் சார் என்று அவர் அழைத்து நான் கேட்டதில்லை. குணா வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஜன்னலில் காலை வெயில்.

"ஒண்ணும் தெரியல ஆன்டி. வெள்ளையா இருக்கு."

"அன்னிக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

"அப்ப அட்டை?"

"இருந்துச்சா இல்லயா தெரியாது. உள்ள ஆள் இருந்தானான்னும் தெரியாது. தெரியாமத்தான் கிளியர் சொன்னேன். கண்ணு போயி மூணு வருஷம் ரெண்டு மாசம் ஆச்சு. தம்பி மேல தப்பு இல்ல. நான் சொன்னேன், அவன் தூக்கினான்."

என்னைப் பற்றிச் சொன்னதில் பாதிதான் உண்மை. நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

குணா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மேனேஜருக்கு மலாயில் எடுத்துச் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். ரஹீம் அப்போதுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சூரஜ் மலாய் புரிந்து அக்காவைப் பார்த்தான். மேனேஜர் கையைக் கட்டியிருந்ததை அவிழ்த்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

குணா அதைத் தமிழில் கேட்டார். பதிலையும் சேர்த்தே கொடுத்தார்.

"இப்படித் தெரியாம கிளியர் சொன்னது, இதுதான ஆன்டி முதல் தடவ? இல்லாட்டி ஒண்ணு ரெண்டு தடவ இருக்கும். அவ்வளவுதானே?"

ஆமாம் என்றால் போதும். எச்சரிக்கைக் கடிதத்தோடு போய்விடும். குணா அதற்காகத்தான் அப்படிக் கேட்டார் என்று அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. நான் அக்காவின் காலை என் பூட்ஸால் தட்டினேன்.

அக்கா காலை நகர்த்திக்கொண்டார். சூரஜ் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, அவன் முகத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தார். அவனை அப்படிப் பார்த்தால்தான் அவருக்குத் தெரியும்.

"இவனச் சேத்தா, சேக்காமயா?" என்று கேட்டார்.

குணா சூரஜின் மாவுக்கட்டைப் பார்த்தார். 

"சேத்து" என்றார் குணா.

"முப்பத்தொம்பது."